பள்ளி நர்ஸ் வேலை: தினமும் 11 மணிக்கு வயிற்றுவலி, அடுத்த மாதம் உபின் தீவில் கேம்ப். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஐஸ்பேக் மிஸ் எழுதியது:

வணக்கம். இங்கே யாராவது பள்ளியில் நர்ஸாக வேலை பார்க்கிறீர்களா, இல்லை முன்பு பார்த்திருக்கிறீர்களா? பாதி புலம்பல், பாதி கேள்வி. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஊரில் குழந்தைகள் வார்டில் 6 வருடம், இங்கே சிங்கப்பூர் வந்து ஆஸ்பத்திரியில் 5 வருடம். நைட் டூட்டி உடம்புக்கு ஒத்துவரவில்லை, வீட்டில் இரண்டு வயதுப் பெண் வேறு. அதனால் ஜூலையில் ஒரு சர்வதேசப் பள்ளியில் சேர்ந்தேன். 640 பிள்ளைகளுக்கு ஒரே நர்ஸ். "ஜாலியான வேலை, நாலு பிளாஸ்டர் ஒட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பித்தான் சேர்ந்தேன்.

என் அறை ஆபீஸுக்குப் பின்னால், ஜெராக்ஸ் மிஷினுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில். இரண்டு கட்டில், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், பூட்டு வைத்த ஒரு அலமாரி. நேற்று மட்டும் பதிவேட்டில் 43 பேர். பாதிப் பேருக்கு மேல் ஐஸ் கேட்டு வந்தவர்கள். முழங்கால் சிராய்த்தாலும் ஐஸ், பென்சில் குத்தினாலும் ஐஸ், போன வாரம் பல் ஆடுகிறது என்றும் ஐஸ். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தோழி பேச மாட்டேன் என்கிறாள், ஐஸ் வேண்டும் என்று வந்து நின்றாள். கொடுத்தேன். அதிலிருந்து என் பெயரே இதுதான்.

இதெல்லாம் சமாளிக்கலாம். என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. வார்டில் சந்தேகம் வந்தால் ஒரு போன், டாக்டர் வந்துவிடுவார். இங்கே போன வியாழக்கிழமை உடற்பயிற்சி நேரத்தில் இரண்டு பையன்கள் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்துவிட்டான், இன்னொருவன் தரையில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தான். பி.டி. சார், துணை முதல்வர், வரவேற்பில் இருக்கும் பெண், மூன்று பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "மிஸ், ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடணுமா, வேணாமா?" கண்ணின் மணியைப் பார்த்தேன், பேச வைத்தேன், வாந்தி இல்லை, நடந்தான். பக்கத்திலேயே உட்கார வைத்து 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். அம்மா ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்து, "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்றார். அதே வாரத்தில் இன்னொரு அப்பா, உதட்டில் சின்னக் கீறலுக்கு, "ஏன் உடனே கூப்பிடல?" என்று சத்தம் போட்டார்.

பிறகு இந்தக் காலை மருந்து விவகாரம். ஆறரை மணிக்குக் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். மருந்தின் வேகம் குறையும்போது, சரியாகப் பத்தரை பதினொன்றுக்கு, பிள்ளை என் அறையில் 38.6. கேட்டால், "அம்மா பிங்க் மருந்து குடுத்தாங்க, மிஸ்கிட்ட சொல்லாதன்னு சொன்னாங்க" என்று அதையும் சேர்த்தே சொல்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டால் மீட்டிங். அப்பா துபாயில். கடைசியில் பணிப்பெண் வருகிறார். எந்த மருந்து, எத்தனை மில்லி என்று அவருக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான கேள்வி. நாலாம் வகுப்பில் ஒரு பையன், 9 வயது, ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன். நாலு வாரத்தில் 16 முறை வந்துவிட்டான். எப்போதும் 11 மணியை ஒட்டித்தான். தொப்புளைச் சுற்றி வலி என்பான். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வயிறு தொட்டால் மிருதுவாகத்தான் இருக்கிறது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு 20 நிமிடம் படுத்துவிட்டுப் போவான். அம்மா கிளினிக்கில் காட்டியிருக்கிறார், கேஸ் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியை, "அது மேத்ஸ் பீரியட். நடிக்கிறான் மிஸ், இடம் கொடுக்காதீங்க" என்கிறார். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் வலிக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தவள் நான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், 12ஆவது முறை வந்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் அடுத்த மாதம் புலாவ் உபின் தீவில் மூன்று நாள் கேம்ப். 58 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள், நான். ஆஸ்துமா 7 பேர், நிலக்கடலை ஒவ்வாமை ஒரு பெண் (எபிபென், அதாவது அவசர ஒவ்வாமை ஊசிப் பேனா, இருக்கிறது), ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ரத்தக் கோளாறு) 2 பேர். மருந்தெல்லாம் இப்போதே ஸிப்லாக் பைகளில் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு பையில் பெயரே இல்லை, வெறும் நாலு வெள்ளை மாத்திரை. என்னென்ன எடுத்துப்போவது, எதற்குத் தயாராக இருப்பது? போனவர்கள் சொல்லுங்கள்.

பூன் லே அம்மா எழுதியது:

நர்ஸ் இல்லை, பெற்றோர். அந்தப் பிங்க் மருந்து கொடுத்த அம்மாக்களில் நானும் ஒருத்தி, அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளைக்கு 7 வயதுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. 7 வயது ஆகிவிட்டால் 12 வரை 2 நாள்தான். என் மகனுக்கு 8. இரண்டு நாளும் பிப்ரவரியிலேயே கை, கால், வாய்ப்புண் நோய்க்குப் போய்விட்டது. காலை 6 மணிக்குப் பிள்ளை கதகதவென்று இருந்தால் நான் செய்யும் கணக்கு உங்களுக்குப் புரியாமல் இருக்காது. தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போன் செய்யும்போது அந்த "ஏம்மா இப்படிப் பண்றீங்க" தொனி இல்லாமல் பேசினால், காலையில் எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று நானே சொல்லிவிடுவேன். தொனி வந்தால் பொய்தான் வரும்.

முன்னாள் மிஸ்ஸி எழுதியது:

தங்கச்சி, பசியாறிட்டு நிதானமா படி. நான் 34 வருஷம் மிஸ்ஸி, அதான் நர்ஸ். இப்பதான் பேரப்பிள்ளைங்களோட இருக்கேன். அதுல பாதிக்கு மேல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போற டீம்ல இருந்தேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும், நம்ம அரசாங்கப் பள்ளிகள்ல உன்னை மாதிரி ஒரே இடத்துல உட்கார்ற நர்ஸ் வழக்கமா கிடையாது. டீம் போகும், கண்ணு, உயரம், எடை பார்க்கும், தொடக்கநிலை 5ல ஊசி போடும், அடுத்த பள்ளிக்குக் கிளம்பிடும். 2019லேர்ந்து உயர்நிலை 1 பொண்ணுங்களுக்கு எச்பிவி ஊசியும் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி) சேர்ந்துச்சு. அதனால உன் வேலை வேற, என் வேலை வேற. ஆனா பிள்ளைங்க ஒன்னுதான்.

ஊசி வரிசையில ஒருத்தி மயங்கி விழுந்தா பின்னால மூனு பேர் விழுவாங்க, அது எங்களுக்கு எழுதாத சட்டம். அதனால நான் என்ன செய்வேன், வகுப்பிலேயே பெரிய வாயாடி யாருன்னு டீச்சர்கிட்ட கேட்டு அவளை முதல்ல உட்கார வைப்பேன். அவ பேசிக்கிட்டே இருப்பா, ஊசி போனதே தெரியாது, பார்த்துக்கிட்டு நிக்கிறவங்களுக்குப் பாதி பயம் போயிடும். உன் அறையிலயும் அப்படித்தான். கூட்டம் வந்துச்சுன்னா மருந்துக்கு முன்னால யாரை எங்க உட்கார வைக்கிறதுன்னு பாரு.

காய்ச்சல் அளக்கிறதுல ஒன்னு. 2003ல சார்ஸ் வந்தப்ப எல்லாப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர் குடுத்தாங்க. வகுப்பே நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு உம்முன்னு உட்கார்ந்திருக்கும். ஒரு பையனுக்கு 39க்கு மேல. ஆபீஸ் மொத்தமும் வெலவெலத்துப் போச்சு. அவனைத் தனியா உட்கார வச்சு, கால் மணி நேரம் கழிச்சு அளந்தா 36.9. சூடா மைலோ குடிச்சிட்டு நேரா வந்திருக்கான். அன்னியிலேர்ந்து தெர்மாமீட்டரை வைக்கிறதுக்கு முன்னால "என்ன குடிச்சே?"ன்னு கேட்காம நான் வச்சதே இல்லை. நீ காதுல பார்க்கிறதா இருந்தாலும், பிள்ளை வெயில்ல ஓடிட்டு வந்தான்னா கொஞ்சம் ஆறவிட்டுப் பாரு.

தலையில அடி பட்டதுக்கு நீ செஞ்சது சரி. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு மாறுறது, தலைவலி கூடிக்கிட்டே போறது, இதுல எது வந்தாலும் காத்திருக்காதே. அந்த அம்மா "இதுக்கா"ன்னு கேட்டாங்கன்னா கேட்டுட்டுப் போகட்டும். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கழுத்துக்கு மேல அடின்னா, சின்னதோ பெருசோ, வீட்டுக்குப் போன் போகும். போன்ல முதல் வாக்கியம், "பிள்ளை என் பக்கத்துல உட்கார்ந்திருக்கான், பேசிக்கிட்டு இருக்கான்." அப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு சொல்லுவேன். "ஹலோ, நான் பள்ளி நர்ஸ்"னு ஆரம்பிச்சு நிறுத்தினா அந்தப் பக்கம் உயிரே போயிடும். போனை வச்சதும் மணி, பார்த்தது, செஞ்சது, யார்கிட்ட சொன்னதுன்னு நாலையும் எழுது. சாயந்திரம் எழுதிக்கலாம்னு விட்டா 43 பேர்ல யாருக்கு எந்த முழங்கால்னு உனக்கே தெரியாது.

பேர் இல்லாத நாலு மாத்திரையைத் திருப்பி அனுப்பிடு. பாவம் பார்க்காதே. டாக்டர் சீட்டு, பேர், அளவு, நேரம், அப்பா அம்மா கையெழுத்து. இது இல்லாம என் கையால குடுக்க மாட்டேன்னு சொல்லிடு.

ஜி6பிடிக்கு வர்றேன். இங்க 1965லேர்ந்து பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தொப்புள்கொடி ரத்தத்துலயே பார்த்திடுவாங்க. ஆனா உன் பள்ளியில பாதிப் பேர் வெளியூர்ல பிறந்தவங்க. அப்பா அம்மாவுக்கே தெரியாம இன்னும் ஒன்னு ரெண்டு பேர் இருக்கலாம். கேம்புக்கு அலமாரி மேல கிடக்கிற பழைய போர்வையை எடுத்துக் குடுத்து விடுவாங்க. அதுல பாச்சை உருண்டை வாசம் வந்துச்சுன்னா அந்தப் பிள்ளைங்க கிட்டயே போகக் கூடாது. அந்த நாப்தலீன் அவங்க ரத்தத்துல சிவப்பணுவை உடைச்சிடும். முகம் வெளுத்துப்போறது, கண்ணு மஞ்சளாகுறது, மூத்திரம் தேத்தண்ணி நிறத்துல போறது, இதைக் கவனி. ஒருத்தன் போர்வையை இன்னொருத்தன் போர்த்திக்கிற வயசு அது. அதனால ரெண்டு பேரோடதை மட்டும் மோந்து பார்த்தா பத்தாது, மொத்தத்தையும் மோந்து பாரு.

கடைசியா உன் கோயம்புத்தூர்ப் பையன். பதினாறு தடவை வந்திருக்கான், அவன் கக்கூஸ் போறானான்னு ஒரு தடவையாவது கேட்டியா? "போறேன்"னுதான் சொல்லுவான். எங்க, எப்பன்னு கேளு. சாப்பிட்டதும் குடல் அசைஞ்சு குடுக்கும், அது இயற்கை. உங்க பள்ளியில பத்தரைக்கு ரீசஸ்னா 11 மணிக்கு வயிறு முறுக்குறது நடிப்பு இல்லை, கணக்கு சரியா இருக்கு. அடக்க அடக்க இறுகும், இறுக இறுக வலிக்கும். நீ இன்னிக்கே அந்த மாடி டாய்லெட்டுக்குள்ள போய்ப் பாரு. தண்ணி பைப் இருக்கா, இல்லை வெறும் டிஷ்யூ சுருள் மட்டும்தானா? ஊர்லேர்ந்து புதுசா வந்த பிள்ளை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

ஒன்னு, ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி, எடை குறையறது, மலத்துல ரத்தம், வலி வலதுபக்கம் கீழ இறங்குறது, இதெல்லாம் இருந்தா என் கதையை விட்டுட்டு டாக்டர்கிட்ட அனுப்பு. எதுவும் இல்லை, டாய்லெட்டும் காரணம் இல்லைன்னா, அவன் பக்கத்துல உட்கார்றவன் யாருன்னு பாரு.

படகுத்துறை எழுதியது:

அக்கா, நான் கேம்ப் மெடிக், முதலுதவி பார்ப்பவன். கட்டாய தேசிய சேவையில் மெடிக்காக இருந்தேன், அதற்குப் பிறகு நாலு வருடமாகப் பள்ளி கேம்ப்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உபின் மட்டும் இருபது தடவைக்கு மேல் இருக்கும்.

முதலில் படகு. சாங்கி முனையிலிருந்து போகும் பம்போட் என்ற சின்ன மோட்டார் படகில் 12 பேர்தான் ஏற்றுவார்கள். உங்கள் கணக்குக்கு 6 படகு. நீங்கள் முதல் படகில் போங்கள், மருந்துப் பை உங்கள் தோளில் இருக்கட்டும். சாமான்களோடு லாரியிலோ கடைசிப் படகிலோ போட்டு விடாதீர்கள். என் முதல் கேம்பில் நான் தீவில், பை சாங்கியில். நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு பையன் படகுத்துறையில் வழுக்கி முழங்கையைக் கிழித்துக்கொண்டான். என் தொப்பியைக் கழற்றி அழுத்திப் பிடித்தேன்.

எபிபென் உங்கள் அறையில் இருந்தால் இல்லாத மாதிரிதான். அந்தப் பெண் எந்தக் குழுவோ அந்தப் பயிற்றுநரின் பையில், அவள் போகும் இடமெல்லாம் போக வேண்டும். முதல் நாளே எல்லாப் பயிற்றுநர்களுக்கும் பயிற்சிப் பேனாவை வைத்துக் காட்டுங்கள்: நீல மூடி வானத்துக்கு, ஆரஞ்சு முனை தொடைக்கு. பேண்ட் மேலேயே குத்தலாம். குத்தியதும் படுக்க வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. 995க்குப் பேசுவதும் படகைத் தயார் பண்ணுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. யார் எது என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். தீவில் ஆஸ்பத்திரி கிடையாது.

கடைசி இரவு பார்பிக்யூ இருக்குமே, அங்கேதான் கண் வையுங்கள். சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) வரும், அந்தச் சாஸ் முழுக்க நிலக்கடலை. ஒரே கரண்டியை எல்லாத் தட்டிலும் வைப்பார்கள். மெனுவை முன்கூட்டியே வாங்கி, முடிந்தால் சாத்தேயையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நக்கெட் கிடைத்தால் சாத்தேயைத் தேட மாட்டார்கள்.

வெயிலுக்கு வெறும் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள். 2023 ஜூலையிலிருந்து வெப்ப அழுத்த ஆலோசனை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கொடுக்கிறது. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்த அளவு அது. 31 டிகிரிக்குக் கீழ் குறைவு, 31லிருந்து நடுத்தரம், 33 ஆனால் அதிகம். மைஇஎன்வி செயலியில் இருக்கும். 33 ஆனால் பயிற்றுநர் என்ன சொன்னாலும் கயிறு ஏறுவதை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுவந்துவிடுவேன். திட்டு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை. தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தாலோ அது வேறு விஷயம். அங்கேயே தண்ணீரை ஊற்றி, ஐஸ் வைத்து, விசிறிக் குளிர வையுங்கள், 995. படகு வரட்டும் என்று குளிர்விக்காமல் காத்திருக்காதீர்கள்.

கயாக் போகும் ஆஸ்துமாப் பிள்ளைகளின் நீல நிற இன்ஹேலர் பம்ப் தண்ணீர் புகாத பையில் பயிற்றுநரிடம் இருக்கட்டும். எறும்பு, மணல் ஈ, கொசு கடித்து வருகிறவர்கள்தான் உங்கள் நேரத்தில் முக்கால்வாசியைத் தின்பார்கள், அரிப்புக்குத் தடவும் கேலமைன் இரண்டு பெரிய பாட்டில். கூடாரத்துக்குள் பிஸ்கட் வைக்கவிடாதீர்கள், காட்டுப் பன்றி வரும். ஒன்றும் செய்யாது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு 20 பிள்ளைகள் கத்தினால் உங்களுக்குத்தான் படபடப்பு.

அப்புறம் முதல் இரவு விளக்கு அணைத்ததும் வயிற்றுவலி வரும். அது வீட்டு ஞாபகம். போனைக் கையில் கொடுக்காதீர்கள், அம்மா குரல் கேட்டால் முழு இரவும் போச்சு. ஏதாவது வேலை கொடுங்கள், டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளைகள் யார் என்று அம்மாக்களிடம் தனியாகக் கேட்டு வையுங்கள், படிவத்தில் எழுத மாட்டார்கள். பதினொரு மணிக்கு நீங்களே தட்டி எழுப்பிக் கூட்டிப்போங்கள். மாற்று உடையை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பையில் வேண்டாம்.

சாக்பீஸ் எழுதியது:

ஆசிரியர் தரப்பிலிருந்து ஒரு சொல். "நடிக்கிறான்" என்று நாங்கள் சொல்வது கல்நெஞ்சத்தால் இல்லை. ஒருவன் போனால் ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு கை தூக்கும். முன்னாள் மிஸ்ஸி அம்மா சொல்வதில் எனக்கு ஒன்று ஒப்பவில்லை. தலையில் பட்ட ஒவ்வொரு தட்டலுக்கும் போன் செய்தால் மாலைக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "இந்த வகுப்பில் தினமும் அடிதடி" என்று ஓடும். எங்கள் பள்ளியில் சின்ன அடிக்குச் சீட்டு, கவனிக்க வேண்டிய அடிக்குத்தான் போன்.

முன்னாள் மிஸ்ஸி எழுதியது:

சாக்பீஸ் தம்பி, சீட்டு எங்க போகும்? பைக்கு அடியில, வாழைப்பழத்தோட நசுங்கிக் கிடக்கும். ராத்திரி பிள்ளை வாந்தி எடுத்தா அம்மாவுக்கு மத்தியானம் தலையில பட்டதே தெரியாது. வாட்ஸ்அப்ல ஓடட்டும், நான் போன்தான் போடுவேன்.

ஐஸ்பேக் மிஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மிஸ்ஸி அம்மா, நீங்கள் எழுதிய மறுநாள் காலையிலேயே மூன்றாம் மாடிப் பையன்கள் டாய்லெட்டுக்குப் போனேன். பைப் இல்லை. மூன்று அறையிலும் டிஷ்யூ மட்டும், ஒன்றில் அதுவும் தீர்ந்து அட்டை உருளை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஊழியர் டாய்லெட்டில் பைப் இருக்கிறது. நான் இத்தனை நாள் அதைத்தான் பயன்படுத்தினேன், மேலே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அன்று 11 மணிக்கு வந்தான். வெந்நீர்ப் பையைக் கொடுத்துவிட்டு, ஃபைல் அடுக்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டான் என்று தோன்றியது. வெந்நீர்ப் பையின் மூடியைத் திருகித் திருகி, ரொம்ப நேரம் கழித்து, "அங்க தண்ணி இல்ல மிஸ்" என்றான். காலையில் அவசரத்தில் பஸ்ஸுக்கு ஓடி வந்துவிடுகிறான். அதிலிருந்து மாலை நாலரைக்கு வீட்டுக்குப் போகும் வரை அடக்கியிருக்கிறான். வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடுவானாம். அம்மாவுக்கு அது விளையாட்டுப் புத்தி.

ஊழியர் டாய்லெட் சாவியை என் அறையில் ஆணியில் மாட்டினேன். நிர்வாகத்திடம் நான் பேசி அனுமதி வாங்க ஒரு வாரம் ஆயிற்று, அந்த ஒரு வாரம் நானே வெளியில் காவல் நின்றேன். கீரை, பழம், தண்ணீர் என்று அம்மாவிடம் சொன்னேன், டாக்டர் இளக்கி மருந்து கொஞ்ச நாளுக்கு எழுதிக்கொடுத்தார். இப்போது பத்து ஐம்பதுக்கு வருவான், சாவியை எடுப்பான், போவான், மாட்டுவான், "தேங்க்யூ மிஸ்". படுப்பதில்லை. மேத்ஸில் பத்து நிமிடம் இன்னும் போகிறதுதான் என்று ஆசிரியை சொல்கிறார். அது உண்மை. அவனுக்கு மேத்ஸும் பிடிக்காது என்பதும் உண்மை.

பூன் லே அம்மா, உங்கள் வார்த்தைக்குப் பிறகு நான் போனில் "காலையில் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?" என்று மட்டும்தான் கேட்கிறேன், "கொடுத்தீங்களா?" என்று கேட்பதில்லை. சட்டென்று பதில் வருகிறது.

கேம்ப் முடிந்தது. கிளம்பும் காலையில் பள்ளி மண்டபத்தில் 58 போர்வையையும் மோந்து பார்த்தேன், பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். 31ஆவதோ 32ஆவதோ, பச்சைக் கட்டம் போட்ட போர்வை, பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. ஜி6பிடி பையனுடையது இல்லை. ஆனால் அதே கூடாரத்தில் அவனுக்குப் பக்கத்தில் படுக்கிற பையனுடையது. அதை ஆபீஸிலேயே கட்டி வைத்துவிட்டு என் சால்வையைக் கொடுத்தேன்.

படகுத்துறை தம்பி, பை என் தோளை விட்டு இறங்கவில்லை. சாத்தே இல்லை, நக்கெட் வந்தது, யாரும் கேட்கவில்லை. ஒரு கணுக்கால் சுளுக்கு, இரண்டாம் நாள் மதியம் ஒரு தலைசுற்றல், எறும்புக்கடி எண்ணவே இல்லை. பன்றி வரவில்லை. முதல் இரவு வயிற்றுவலி மூன்று பேருக்கு வந்தது, மூன்று பேரும் டார்ச் பிடித்தார்கள். எபிபென் தொடாமல் திரும்பி வந்தது. சாங்கியில் இறங்கியதும் அந்தப் பெண்ணின் அம்மா கையில் அதைக் கொடுத்தபோதுதான் என் கை நடுங்குவதைக் கவனித்தேன்.

மூன்றாம் மாடியில் பைப் போட ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில். அதுவரை ஆணியில் சாவி. போன வாரக் கணக்குப்படி சாவி கேட்டு வருகிறவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் எனக்கு வயிற்றுவலி என்று ஒரு முறைகூட வந்ததில்லை.

முன்னாள் மிஸ்ஸி எழுதியது:

சாவி தொலையும் தங்கச்சி. இன்னொன்னு அடிச்சு வச்சுக்கோ.